குல்லாவில் சிக்காத தோடு

பேத்திக்குக் காது குத்தப் போகிறோம் என்று மகள் பண்ணைக்காட்டிலிருந்து போன் செய்த அன்று ராத்திரியே எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. தாய்மாமன் சீர் என் மகனுடைய பொறுப்பு. எங்கள் பக்கத்தில் சீர் வந்து இறங்கினால் முதலில் தட்டு எண்ணுவார்கள். அப்புறம் தட்டுகளுக்கு நடுவே இருக்கிற சின்னச் சிவப்புப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்ததை அடுத்த காதுகுத்து வரைக்கும் பேசுவார்கள். ஆகவே மருமகளுக்கு ஜிமிக்கிதான் வேண்டும்.

“பொட்டுத் தோடு வச்சா கொசு உக்காந்த மாதிரி இருக்கும் அத்தே. பெட்டியத் தொறந்தா தெரிய வேணாமா?”

“பெட்டிக்கா காது குத்துறோம்?” என்றேன்.

பிள்ளைக்கு ஒன்பதாவது மாதம். கார்த்திகை பிறந்துவிட்டால் பண்ணைக்காட்டில் கம்பளிக் குல்லா இல்லாமல் கைக்குழந்தையை வாசலுக்குக் கொண்டுவர முடியாது. குல்லாவைக் கழற்றும்போது ஜிமிக்கியின் மணி நூலில் சிக்கும். ஆறாத காதில் தொங்குவதை ஓர் இழுப்பு இழுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் வலது காதுச் சோணையில் நாலு வயதில் போட்ட தையலின் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் வாய் கொடுப்பதற்கு இன்னோர் உரிமையும் உண்டு. நான் ஆசாரி மகள். பெரியகுளம் தென்கரையில் அப்பாவின் பட்டறையில் குமுட்டிக்கும் ஊதுகுழலுக்கும் பக்கத்தில் வளர்ந்தவள். அடுக்கத்துக்கு வந்தது நானாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணத்தால். அது வேறு கதை. அடுக்கம் தெரியாதவர்களுக்கு: பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை அருவியைத் தாண்டிப் பெருமாள்மலைக்கு ஏறுகிற பாதையில், ஏறுகிறவர் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் இருக்கிற ஊர். காப்பி, மிளகு, மலைவாழை, பலா எல்லாம் உண்டு. நகைக்கடை கிடையாது. இருந்தாலும் இந்தச் சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நகை எடுக்கப் போகிற ஜீப்பில் எனக்கு ஓர் இடம் போட்டுவிடுவார்கள். முப்பது வருஷமாக அப்படித்தான்.

அப்பா காலத்தில் காது குத்த ஆசாரியே மலையேறி வருவார். கும்பக்கரைக்கு அப்பால் நடைதான். சுருக்குப் பையில் மெல்லிசாக இழுத்த கம்பி இருக்கும். சொக்கத் தங்கம், விரலால் வளைத்தாலே நூல் போல வளையும். தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்து, குத்தின கம்பியையே வளையமாக முறுக்கிவிட்டு வந்துவிடுவார். காது நன்றாக ஆறின பிறகுதான் தோடு. இப்போது ஆஸ்பத்திரியில் குத்துகிறார்கள், பார்லரில் துப்பாக்கி மாதிரி ஒன்றால் அடிக்கிறார்கள். யார் குத்தினாலும் அப்பாவின் முறையில் ஒரு விஷயம் இன்னும் பழசாகவில்லை. புண்ணில் முதலில் உட்கார வேண்டியது நல்ல தங்கம், அதுவும் கனமில்லாத தங்கம். மலிவான தோடுகளிலும் கவரிங்கிலும் நிக்கல் கலந்திருக்கும். சில பிள்ளைகளுக்கு அது தோலில் பட்டால் போதும், காது சிவந்து நீர் வடியும். “செப்டிக் ஆயிருச்சு” என்று குத்தினவரைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றம் உலோகத்துடையது.

ஆகவே பொட்டுத் தோடு, பின்பக்கம் தட்டையாக, திருகாணி போட்டது, ஜோடி இரண்டு கிராமுக்குள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, சின்னக் குழந்தைக்கு நகை எடுக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஹால்மார்க் இல்லாமல் தங்க நகை விற்கக் கூடாது என்று 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாகச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும், எச்.யு.ஐ.டி. என்பார்கள், நகையில் இருந்தாக வேண்டும். ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதாவது வீட்டிலேயே சின்ன ஆளுக்கு எடுக்கிற நகைக்குத்தான் சட்டத்தின் காவல் இல்லை. அங்கே பில்தான் காவல். 22 காரட் என்றும் எடை இவ்வளவு என்றும் எழுதி வாங்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் எந்த ஹால்மார்க் மையத்திலும் காசு கட்டிச் சோதித்துக்கொள்ளலாம், நாலு உருப்படி வரைக்கும் 200 ரூபாய். கடையிலேயே காரட் மீட்டர் இருந்தால் நம் கண் முன்னால் வைத்துக் காட்டச் சொல்லலாம். கூச்சப்படக் கூடாது.

ஐப்பசி மழையில் கும்பக்கரைப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. வீட்டு வாசலில் நின்றால் கீழே தெரிகிற பெரியகுளத்துக்குப் பெருமாள்மலை ஏறி, வத்தலக்குண்டு இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம். நான், மகன், மருமகள். கையில் தை, மாசியில் மிளகு விற்ற பணம், ஒரு லட்சம். இந்தப் பணத்தைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில், நாங்கள் மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது, பவுன் அறுபதாயிரத்தைத் தொட்டதற்கே ஊர் வாயைப் பிளந்தது. அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. தையில் ஒன்றரைப் பவுன் வந்திருக்கும் பணத்துக்கு ஐப்பசியில் ஒரு பவுனுக்குப் போராட வேண்டியிருந்தது. “விசேஷம் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்” என்று மகன் சொன்னபோது நானும் தலையாட்டினேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் சொல்லிக்கொண்டு வருகிற செலவுகள்தான். பிள்ளை பிறந்த அன்றைக்கே தேதி தவிர மற்றதெல்லாம் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருக்கலாம்.

அதற்காக நகைச் சீட்டு போடச் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். என் நாத்தனார் பத்து மாதம் கட்டி, பதினோராவது மாதம் போனால் கடைக்குப் பூட்டு. சீட்டு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தைக் கம்பெனிகள் ஒரு வருஷத்துக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்ற விதியால்தான் பெரும்பாலான சீட்டுகள் 11 மாதத்தில் முடிகின்றன. ‘இரண்டு வருஷம் கட்டுங்கள், சேதாரமே கிடையாது’ என்று யாராவது சொன்னால் அங்கே உட்காராமல் எழுந்துவிடுங்கள்.

கடையில் உட்கார்ந்ததும் மருமகள் கை ஜிமிக்கித் தட்டுக்குப் போனது. சிவப்புக் கல், பச்சைக் கல், கீழே முத்து. பார்க்க அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. “இது எம்புட்டு கல்லு, எம்புட்டு பொன்னு?” என்று மட்டும் விற்பனைப் பையனிடம் கேட்டேன். கல் நகையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. மொத்த எடை நாலு கிராம், அதில் கல் ஒரு கிராம் என்றால் தங்கம் மூன்று கிராம்தான். மூன்றுக்குத்தான் தங்க விலை. கல்லுக்குத் தனியாகப் போடட்டும். இதைப் பிரிக்காமல் பில் போட்டால் கண்ணாடிக் கல்லைத் தங்க விலைக்கு வாங்கினவர்கள் ஆவோம். நாளைக்கு அடகு வைக்கப் போனால் வங்கியில் கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை பார்ப்பார்கள். அங்கே கழிவது இங்கேயும் கழிய வேண்டும்.

பையன் முகம் சுருங்கியது. மருமகள் முகமும் சுருங்கியது. மகன் மட்டும் சிரித்தான், அவன் பர்ஸ் அல்லவா.

கடைசியில் எடுத்தது இரண்டு. ஒன்று, 1.6 கிராமில் பொட்டுத் தோடு. இன்னொன்று ஆறு கிராமில் முறுக்குச் செயின், உள்கூடு இல்லாத கெட்டிக் கம்பி. குழந்தைக்குச் செயினா என்று கேட்பீர்கள். காப்பு போட்டால் ஒரு வருஷத்தில் கைக்குச் சேராது. மாற்றினால் மறுபடியும் சேதாரம். மோதிரமோ ஆறு மாதம் தாங்கினால் அதிகம். செயினை அளவு கூடவே எடுத்து, நடுவில் இரண்டு இடத்தில் வளையம் வைக்கச் சொன்னேன். இப்போது கிட்டத்து வளையத்தில் கொக்கியை மாட்டலாம், பள்ளிக்கூடம் போகும்போது அடுத்தது, வயதுக்கு வரும்போது முழு நீளம். ராத்திரி தூங்கப் போடும்போது மட்டும் கைக்குழந்தைக் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது, கழற்றி வைத்துவிட வேண்டும். இதை மகளிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

கணக்கைச் சொல்கிறேன், அன்றைய விலையைக் கிராம் 11,000 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். செயின் ஆறு கிராம், 66,000. சேதாரம் 10 சதவீதம், 6,600. தோடு 17,600. சின்ன வேலைக்குச் சேதாரம் கூடுதல், 15 சதவீதம், 2,640. ஆக மொத்தம் 92,840. இதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 2,785. எல்லாம் சேர்த்து 95,625. செயினுக்கு ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான வரியும். இதில் நம்மால் அசைக்க முடியாதது தங்க விலையும் வரியும். அசைக்க முடிந்தது சேதாரம் ஒன்றுதான். செயினுக்கு அவர்கள் முதலில் சொன்னது 14 சதவீதம். பேசிப் பத்துக்குக் கொண்டுவந்தேன். ஆடி மாதம் போயிருந்தால் இன்னும் குறைத்திருப்பார்கள். ஆடியில் நகை வாங்கக் கூடாது என்று நாம் நினைக்கிறோம், அதனால் கடைக்காரர் இறங்கி வருகிறார். அட்சய திருதியைக்கு நாமே வரிசையில் நிற்கிறோம், அன்றைக்கு அவர் எதற்கு இறங்க வேண்டும்?

செயினின் கொக்கிக்குப் பக்கத்தில் ஹால்மார்க் இருந்தது. வெறுங்கண்ணுக்குக் கீறல் மாதிரித்தான் தெரியும். கடையில் பூதக்கண்ணாடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்கிப் பார்த்தோம். முக்கோணத்துக்குள் புள்ளி வைத்த பி.ஐ.எஸ். முத்திரை, 22K916, அப்புறம் அந்த ஆறு இலக்கம். நூறு பங்கில் 91.6 பங்கு தங்கம் என்பதைத்தான் 916 என்கிறார்கள், மிச்சம் செம்பும் வெள்ளியும். சொக்கத் தங்கத்தில் செயின் செய்தால் இழுத்த இழுப்புக்கு நீளும். மருமகள் போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியைத் திறந்து அந்த இலக்கத்தைப் போட்டாள். என்ன நகை, என்ன தரம், எந்த மையத்தில் முத்திரை இட்டது என்று வந்தது. ‘செயின்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘மோதிரம்’ என்று வந்தால் எழுந்து வந்துவிடலாம். இதைக் கடையிலேயே செய்துவிட வேண்டும். அடுக்கத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால், எங்கள் ஊரில் பலா மரத்தடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும்.

சேதாரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று ஒரு பழமொழி உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கு விளக்கம் சொன்னார். அப்பா பட்டறையில் அரம் போடும்போது உதிர்கிற தூளைப் பிடிக்க மடியில் தோல் கட்டியிருப்பார். அப்படியும் தரையில் விழும், புகையில் போகும், மெருகு போடும்போது கரையும். நிஜமாகவே சேதம் ஆனதுதான் அந்தக் காலச் சேதாரம். ஆசாரித் தெருச் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்றால் எவ்வளவு போயிருக்கும் பாருங்கள். இன்றைக்கு மெஷினில் செய்கிற செயினில் அந்த அளவு சேதம் கிடையாது. தூசியைக் கூடக் காற்றோடு உறிஞ்சிச் சேர்த்துவிடுகிறார்கள். சேதாரம் என்ற பெயர் மட்டும் நின்றுபோய், அது கடையின் லாபத்துக்கும் கூலிக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அதனால்தான் பேரம் பேசுங்கள் என்கிறேன். நீங்கள் குறைப்பது ஆசாரியின் கூலியை அல்ல.

பழைய நகையை மாற்றப் போகும்போது “இது 20 காரட்தாம்மா வருது, அந்தக் கால ஆசாரி ஏமாத்திட்டான்” என்பார்கள். எல்லா இடத்திலும் அது உண்மை இல்லை. ஒட்டு வைக்க ஆசாரிகள் போடுகிற பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும், அப்போதுதான் நகை உருகுவதற்கு முன்னால் பொடி உருகும். ஒட்டு நிறைய இருக்கிற நகையை மொத்தமாக உருக்கினால் தரம் இறங்கத்தான் செய்யும். பிறகு செம்புக்குப் பதிலாகக் காட்மியம் போட்டு ஒட்டினார்கள், ஒருகாலத்தில் கே.டி.எம். நகை என்று பெருமையாக விளம்பரம் வந்ததே, அதுதான். காட்மியம் எரிந்து போய்விடும், தரம் இறங்காது. ஆனால் அந்தப் புகை ஊதுகிறவன் நெஞ்சுக்குள் போகும். வாங்கினவருக்கு 92, ஊதினவனுக்கு இருமல். இப்போது அதற்கு அனுமதி இல்லை. கே.டி.எம். என்பது ஹால்மார்க் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்.

காரட்டால் அப்பா பட்ட பாடும் உண்டு. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. அப்பாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. 14 காரட் என்றால் நூற்றுக்கு 58.5தான் தங்கம், அதில் தாலி செய்து கட்ட யார் வருவார்கள்? ஊர் ஊருக்கு ஆசாரிகள் தொழிலை விட்டார்கள். அப்பா மூன்று வருஷம் தென்கரையில் பட்டாணி வறுத்து விற்றார். 1966-ல் அந்தக் கட்டைத் தளர்த்தினார்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று 1968-ல் வந்தது 1990-ல்தான் ஒழிந்தது. அப்பா இப்போது இருந்திருந்தால் சிரித்திருப்பார். அன்றைக்குச் சர்க்கார் மிரட்டியும் வாங்காத 14 காரட்டை இன்றைக்கு விலைக்குப் பயந்து ஜனங்கள் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள். 2025-ல் ஒன்பது காரட்டுக்கும் ஹால்மார்க் வந்துவிட்டது. 18 காரட்டை நான் குறை சொல்ல மாட்டேன். கெட்டியானது, கல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆபீஸ் போகிற பெண்ணுக்கு மோதிரம், சின்னத் தோடு என்றால் அதில் எடுக்கலாம். அடகுக்குப் போகக்கூடிய நகையை மட்டும் 22-ல் எடுங்கள்.

அடகைப் பற்றிப் பேசினால் மங்கலமில்லை என்பார்கள். மலையில் அப்படிப் பார்த்தால் முடியாது. காப்பிக்கும் மிளகுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பணம். இடையில் வரும் ஆஸ்பத்திரிக்கும் ஃபீஸுக்கும் கழுத்திலிருந்துதான் இறங்கும். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோது எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுச் செயின் திரும்பி வந்தது என்று நினைக்கிறீர்கள்! ஆகவே கல்யாணப் பெண்ணுக்குப் பரிசு கொடுப்பவர்கள் நாலு கிராமில் கல் வைத்த நெக்லஸ் என்று மெல்லிசாகத் தட்டின ஒன்றைத் தேடாமல், அதே பணத்துக்குத் தங்கக் காசாகக் கொடுங்கள். காசுக்குச் சேதாரம் சொற்பம். அவள் விருப்பப்பட்டபோது விருப்பப்பட்டதைச் செய்துகொள்வாள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தில் தாலிக்கு 2011 முதல் நாலு கிராமும், 2016 முதல் எட்டு கிராமும் தங்கக் காசாகத்தான் கொடுத்தார்கள். (2022-ல் அந்தத் திட்டம் புதுமைப்பெண் என்று மாறி, படிக்கிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஆனது. நல்ல மாற்றம்தான் என்பேன். எங்கள் தெருவில் ஒருத்தி அதில்தான் பஸ் செலவைப் பார்த்துக்கொள்கிறாள்.) அப்படி எட்டு கிராம் காசு வாங்கின ஒரு பெண் எங்கள் ஊரில் அதை உருக்காமல் வைத்திருக்கிறாள். மூன்று தடவை அடகுக்குப் போய் மூன்று தடவையும் மீண்டது. வளையவில்லை, நெளியவில்லை.

மணப்பெண் மேடையில் ஜொலிக்க வேண்டாமா என்றால், வேண்டும். அதற்குத் தங்கம் வேண்டாம். ராக்கொடி, ஜடைநாகம், நெத்திச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ஒட்டியாணம் எல்லாம் நாகர்கோவில் வடசேரியில் செய்கிறார்களே, கோயில் நகை, புவிசார் குறியீடு வாங்கினது. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் போடுவது அதுதான். வெள்ளியில் செய்து, சிவப்புக் கெம்புக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். வீடியோவில் எது தங்கம் எது ரேக்கு என்று யாருக்கும் தெரியாது. அதுவும் முடியாதென்றால் சிதம்பரம் கவரிங், அல்லது திண்டுக்கல்லில் செட்டாக வாடகைக்கே கொடுக்கிறார்கள். மறுநாள் பெட்டிக்குள் போய் அடுத்த கல்யாணம் வரை தூங்கப் போகிற ஒட்டியாணத்துக்கு ஐந்து பவுனைக் கரைப்பது என் புத்திக்கு எட்டாத விஷயம்.

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்காமல் நகை கொடுக்காதீர்கள். மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறுகிற மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். ஏணி சறுக்கும்போது மோதிரம் கிளையில் மாட்டினால் விரலே போகும். இங்கே பாதிப் பேர் மோதிரத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பது அதனால்தான். காப்பிப் பழம் பறிக்கிற பெண்ணுக்கு அகலக் கை வளையல் கொடுத்தால் சாக்குப்பை நூலில் மாட்டும். அவளுக்குத் தோடு கொடுங்கள், திருகாணியின் மரை ஆழமாக இருக்கிறதா என்று நாலு தடவை திருகிப் பார்த்துக் கொடுங்கள். மரை தேய்ந்துதான் மலையில் பாதித் தோடு தொலைகிறது, திருடன் கொண்டுபோவது கொஞ்சம். செவிலிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாதரசம் தங்கத்தில் பட்டால் நொடியில் வெளுத்து உள்ளே இறங்கிவிடும். 2001-ல் மூடின கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைக்குப் பிறகு எங்கள் மலையில் பாதரசம் என்றால் எல்லோருக்கும் பயம்தான், ஆனால் மோதிரம் கெடும் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

என் மாமியார் தண்டட்டி போட்டவர். காது வளர்த்து, தோள் வரைக்கும் தொங்கும். நடந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடும். கோபம் வந்து தலையை வெடுக்கென்று திருப்பினால் கன்னத்தில் ‘டொக்’ என்று இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டோம். அவர் போன பிறகு கொழுந்தன்மார் அதைப் பங்கு போட உருக்கினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வெளியிலிருந்து எடை போட்டு மனக்கணக்குப் போட்டிருந்தார்கள். உருக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் காணோம். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டு, கடைக்காரனைச் சந்தேகப்பட்டு, ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நான் அப்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. தண்டட்டியும் பாம்படமும் மெல்லிசான பொன் தகட்டுக் கூடு, உள்ளே அரக்கு. அரக்கு இல்லாவிட்டால் காது அந்தக் கனத்தைத் தாங்காது, குடும்பமும் அந்த விலையைத் தாங்காது. கடைசி வரை அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டு வயலில் குனிந்து நிமிர்ந்தார். போட்டவரின் காதுக்கும் கழுத்துக்கும் கணக்குப் பார்த்துச் செய்த நகை. எந்த ஆசாரி செய்தாரோ, புத்திசாலி.

நகையை ஆள் போனதும் கழற்றுவது நம் வழக்கம். எல்லாக் காலத்திலும் அப்படி இல்லை. பழனிக்குப் பக்கத்தில், இந்த மலையின் அடிவாரத்தில், பொருந்தல் என்று ஊர் இருக்கிறது. 2009, 2010-ல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தபோது ஓர் ஈமக்குழியில் ஆயிரக்கணக்கான மணிகள் கிடைத்தன. கூடவே ஜாடியில் நெல். அந்த நெல்லைச் சோதித்ததில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் என்று வந்தது. மக்கள் குடியிருந்த மேட்டில் கண்ணாடி மணி செய்த தடயங்களும் இருந்தன. சூதுபவளத்தில் அத்தனை சின்ன மணிக்குத் துளை போட எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். போகிறவரோடு அந்த மணிகளை வைத்து மூடிவிட்டார்கள்.

செயின் எடுத்த அன்றைக்கே பேத்திக்கு இடுப்பில் கட்டக் கறுப்பு, வெள்ளைப் பாசி கோத்த கயிறும், காலுக்கு வெள்ளித் தண்டையும் வாங்கினோம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. தண்டையில் பூட்டுமுனை விரலைக் கிழிக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான் அதற்கு.

கார்த்திகையில் காதுகுத்து. பெருமாள்மலை ஏறி, ஊத்து வழியாகப் பண்ணைக்காட்டுக்கு இரண்டு ஜீப். பதினொரு தட்டு, ஒரு தார் மலைவாழை, ஒரு கிடாய். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரையே கூட்டி அழுதாள். சிவப்புப் பெட்டியைத் திறந்ததும் சம்பந்தி வீட்டு அப்பத்தா ஒருத்தி எட்டிப் பார்த்து, “தோடு சிறுசா இருக்கே?” என்றாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்: “குல்லாயில மாட்டாது அப்பத்தா. செயின எடுத்துப் பாருங்க, நாலு வயசுலயும் போடலாம், பதினாலுலயும் போடலாம்.” அப்பத்தா செயினை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். எடை சரியாகத்தான் இருந்தது போல, பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். காது ஆறிக்கொண்டு வருகிறதாம். தினமும் உப்பு போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் துடைக்கிறாளாம்.

“திருகாணிய ராவுக்கு ஒருக்கா தொட்டுப் பாக்குறியா?”

“பாக்குறேம்மா.”

“செயினு?”

“சாமி ரூம்ல.”